முப்பத்திரண்டு பிர்ச் கழிகள்

உலகத்திலேயே பெரிய ராக்கெட்டை நாங்கள் மரக்கழி வைத்துத்தான் பற்ற வைத்தோம் என்றால் மாஸ்கோவில் இருக்கும் என் தங்கையே இன்றுவரை நம்புவதில்லை. நம்பாமல் போகட்டும். அடியில் முப்பத்திரண்டு நெருப்பு வாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிர்ச் மரக்கழி, அதன் நுனியில் வெடிமருந்து, ஒரு மின்கம்பி. கம்பிகளைச் சோதிப்பது என் வேலை. கழிகளை இழைத்துச் செருகுவது பங்க்ராத் யெகோரிச் லுகோஷ்கினின் வேலை.

வடக்கு ரஷ்யாவில் வோலக்தா காட்டுப் பக்கத்துத் தச்சர். 1957-இல் எங்கள் ஏவுதளம் இருந்த கஸாக் புல்வெளிக்கு வந்தபோது வயது ஐம்பத்தொன்று, படிப்பு நாலாம் வகுப்பு. இளம் பொறியாளர்கள் அவரை ‘தீப்பெட்டி’ என்று கேலி செய்வார்கள். “தீப்பெட்டி இல்லாம உங்க டீ சமோவார்கூட கொதிக்காது, போங்கடா!” என்பார். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். அதை மறைக்கப் போவதில்லை.

அந்தக் கோடையில் ஏற்கெனவே ஒரு ராக்கெட் சிதறியிருந்தது. இன்னொன்று கிளம்பவே மறுத்தது. ஆகஸ்டில் புதிதாக ஒன்றை ஏவுமேடையில் நிறுத்தினோம். எரிபொருள் நிரப்பியாயிற்று. என் மீட்டரில் முப்பத்திரண்டும் சரி. ஏவுதளப் பொறுப்பிலிருந்த கர்னல் ஸ்வெர்ச்கோவ், ஏவ அனுமதித்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

பங்க்ராத் யெகோரிச் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். “தோழர் கர்னல், நிறுத்துங்க. பதினேழாவது கழி ஆடுது.”

“மீட்டர் சரின்னு காட்டுதே!”

“மீட்டருக்குக் கரண்ட் தெரியும், மரம் தெரியாது. அந்த ஒரு கழி மட்டும் ரெண்டு நாளா வெயில்ல கிடந்துச்சு. நான்தான் பட்டறைக்கு வெளிய மறந்து போட்டுட்டேன். செருகும்போதே கொஞ்சம் லூசா இருந்துச்சு, பரவாயில்லைன்னு விட்டுட்டேன். இப்ப மனசு கேக்கல.”

வடக்கத்தி ஈர மரம் எங்கள் வெயிலில் இரண்டே நாளில் காய்ந்து சுருங்கிவிடும். கழி சாய்ந்தால் அந்த வாய் தாமதமாகப் பற்றும். அதற்குள் தேங்கும் மண்ணெண்ணெய் ராக்கெட்டையே வெடிக்க வைக்கும். அவர் பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தப்பும் சாம்பலோடு சாம்பலாகப் போயிருக்கும். ஒப்புக்கொண்டால் வேலை போகும், அதற்கு மேலும் போகலாம். இது அவருக்கும் தெரியும்.

கர்னல் முகம் சிவந்தது. “உன்னை நம்பினதுக்கு எனக்கு வேணும்! இதை மாஸ்கோவுக்கு யாரு சொல்றது, உங்கப்பனா?”

“நானே சொல்றேன். முதல்ல ஒரு கால் மணி நேரம் குடுங்க.”

கொடுத்தார். புதுக் கழி செய்ய நேரமில்லை. பங்க்ராத் யெகோரிச் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார், காலுறைக்குப் பதிலாகச் சுற்றியிருந்த கால்துணியை அவிழ்த்து ஒரு கீற்றுக் கிழித்தார்.

“அய்யோ, அந்த நாத்தம் பிடிச்ச துணியா?” என்றேன்.

“நெருப்புக்கு மூக்கு இல்ல, ராயா. வந்து கம்பியைப் பிடி.”

தலைக்கு மேலே நிரம்பிய ராக்கெட் வெண்புகை விட்டுச் சீறிக்கொண்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பதினேழாவது கழியை வெளியே உருவினார். கழியின் அடியில் துணியைச் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தி இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

ராக்கெட் போயிற்று. பதுங்கறையில் எல்லோரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். அவர் மட்டும் என் பதிவுத்தாள் பக்கம் வந்தார்.

“எல்லாம் ஒண்ணாப் பத்துச்சா?”

“முப்பத்திரண்டும், பங்க்ராத் யெகோரிச்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மறுநாள் எங்களை வரிசையில் நிறுத்தி, கர்னலே கண்டன உத்தரவை வாசித்தார். கவனக்குறைவு, ஒரு மாதம் ஏவுதளத்துக்குள் வரக் கூடாது. பங்க்ராத் யெகோரிச் நிமிர்ந்து நின்று கேட்டார், ஒரு சாக்கும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் அடுத்த ராக்கெட். புதுத் தச்சன் கழிகளைச் செருகினான். மீட்டர் எல்லாம் சரி என்றது. நான் தாளை நீட்டினேன். கர்னல் பேனாவைத் திறக்கவில்லை.

“லுகோஷ்கின் எங்க?”

“தடையில இருக்காரு, தோழர் கர்னல். நீங்க போட்டதுதான்.”

“தெரியும். வண்டி அனுப்புங்க. அவரு கை வெச்சுப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவர் வரும்வரை நாற்பது நிமிடம் காத்திருந்தோம், எங்களோடு ராக்கெட்டும்.