தாய்மாமன் மடி

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொடிகாமம் பக்கத்துப் பொலிஸ் நிலையமொன்றில் தங்கையோடு உட்கார்ந்திருந்தேன். அவளும் கணவரும் பிரிந்த பிறகு, நான்கு வயது மகளை நீதிமன்றம் தாயிடம்தான் ஒப்படைத்திருந்தது. ஞாயிறு காலையில் தகப்பன் கூட்டிப்போய் மத்தியானத்துக்குள் கொண்டுவந்து விடவேண்டும். அன்றைக்குப் பின்னேரமாகியும் பிள்ளை வரவில்லை. மச்சானின் கைபேசியும் வேலை செய்யவில்லை.

தங்கைக்கு அழுதழுது முகம் வீங்கிப் போயிருந்தது. "கொழும்புக்குக் கொண்டு போட்டார் அண்ணை, எனக்குத் தெரியும்" என்றாள்.

பொலிஸ்காரர் நல்ல மனிதர். "தகப்பனெண்டாலும், கோர்ட்டிலை தாயிட்டைக் குடுத்த பிள்ளையைக் கேளாமல் வைச்சிருந்தால் அது பிள்ளை கடத்தல்தான் தங்கச்சி. இந்த முறைப்பாட்டிலை கையெழுத்து வைச்சால் வழக்குப் போகும். பிறகு அவர் பிள்ளையைப் பாக்கிறதே கஷ்டம். யோசிச்சு வையுங்கோ" என்றார். தங்கை யோசிக்கிற நிலையில் இல்லை. பேனாவை எடுத்துவிட்டாள்.

அப்போது என் கைபேசி அடித்தது. மச்சான்!

"மச்சான், கோவியாதேங்கோ. இணுவில் கந்தசாமி கோயிலடியிலை நிக்கிறம். பிள்ளைக்குக் காது குத்த வந்தனான். தாய்மாமன்ரை மடியில்லாமல் குத்தமாட்டனெண்டு நகை செய்யிற பத்தர் நிக்கிறார். உங்களுக்கு ஃபோன் எடுக்கப் பயமாக் கிடந்தது. ஒருக்கா வாறியளோ?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிள்ளையைக் கடத்தியவர் தாய்மாமனையே துணைக்குக் கூப்பிடுவதை எந்த ஊரில் கண்டீர்கள்! குறைமாதத்தில் பிறந்த பிள்ளை பிழைத்தால் அங்கே காது குத்துவதாக தங்கையும் மச்சானும் வைத்த நேர்த்திக்கடன் அது. சண்டைக்குள் நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம். தங்கை பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

கோயிலடியில் என் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியதும் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு, மச்சானைப் பிடிபிடியென்று பிடித்தாள். "என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே?"

"கேக்கத்தான் நேற்று ஃபோன் எடுத்தனான். லோயரோடை கதையுங்கோ எண்டு வைச்சிட்டீர்" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி. "ஃபோனை நிப்பாட்டினது என்ரை பிழைதான்."

தங்கை பிள்ளையை என் மடியில் இருத்தினாள். ஊசி பட்டதும் அது வீரிட்டுக் கத்தி, ஒரு கையால் தாயையும் மறுகையால் தகப்பனையும் பிடித்துக்கொண்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவர்கள் மறுபடி சேர்ந்துவிடவில்லை. "இனிக் கேட்டிட்டுக் கொண்டுபோங்கோ" என்று அவள் சொன்னதை மட்டும் மச்சான் இன்றுவரை மீறியதில்லை. ஞாயிறு காலையில், தோடு மினுங்க, அப்பா வரும் வழியைப் பார்த்துக்கொண்டு பிள்ளை வாசல் படலையில் நிற்கும். அந்த அழைப்பு ஒரு கையெழுத்துப் பிந்தி வந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறும்.