மேல்பல்லும் கண்ணும்

முதலில் வலிகூட இல்லை. காலையில் டீ குடிக்கும்போது மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் சுரீர் என்றது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து டீயை வலப்பக்கம் ஒதுக்கிக் குடித்தேன். உடம்பை ஏமாற்றிப் பார்ப்பதுதானே நம் முதல் வைத்தியம்.

கீழ்ப்பல்லாக இருந்திருந்தால் அந்த வாரமே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன். மேல்பல் என்பதால் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அந்த ஒரு பல்லைத் தவிர. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுக்கு அது காதில் விழுந்த சேதி. எனக்கு வீட்டுக்குள் நடந்தது.

என் அக்காவுக்கு மேல்பல் பிடுங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. பிடுங்கிய ஒன்றரை வருடத்தில் இரண்டு கண்ணிலும் பார்வை போனது. அப்போது அவள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். நானும் அதே கம்பெனி, செக்கிங்கில். அவள் தைத்தது என் மேசைக்கு வரும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அவளிடம் திட்டு வாங்குவேன்.

அவள் கணவர் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கண் போன பிறகு பேரணாம்பட்டில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாள். பார்வை மங்கியபோது ஆலங்காயத்தில் யாரோ தந்த மூலிகைச் சாற்றை ஆறு மாதம் கண்ணில் விட்டோம். கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சர்க்கரையால் வந்தது, தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தோம். பல் பிடுங்கிய அதிர்ச்சியில்தான் சர்க்கரை வந்தது, சர்க்கரையால் கண் போனது என்று நாங்களே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, மறுபடி அந்தப் பல் டாக்டரையே திட்டினோம்.

எனக்கு இப்போது நாற்பத்தேழு வயது. ஷூ தைக்கும் தோலில் கொசு கடித்த தழும்பைக்கூடக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண் போனால் எனக்கு வேலை இல்லை, அக்காவைப் பார்க்க ஆளும் இல்லை. அதனால் கிராம்பு வைத்தேன், மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இடது கண் திறக்கவில்லை. கன்னம் கண்ணிமை வரை வீங்கியிருந்தது. எழுந்து கண்ணாடியைப் பார்க்கப் பயந்து, அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கையால் என் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இப்டிக் கொதிக்குது? ஆஸ்பத்திரிக்குப் போ. பிடுங்க மட்டும் வுட்டுடாத. என்ன மாரி ஆய்டுவ."

வேலூருக்கு என் கணவர் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் வலது கண்ணை ஒரு கையால் மூடி மூடிப் பார்த்தபடி வந்தேன். இடப்பக்கம் முழு இருட்டு. அக்காவின் பகல் இப்படித்தான் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பள்ளிகொண்டா தாண்டும்போது அழுதேன்.

அங்கே பல் டாக்டர் இளவயதுப் பெண். எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். சீழ்க்கட்டி (பல்வேரின் நுனியில் தொற்று ஏற்பட்டுச் சீழ் சேர்வது) என்றார்.

"கண்ணுக்குக் கீழ வரைக்கும் ஏறியிருக்கும்மா. சீழை எடுத்துட்டு, ரெண்டு மூணு நாள்ல பல்லையும் எடுத்துடணும்."

"எடுத்தா கண்ணு போய்டுமே டாக்டர்."

"எடுக்கலைன்னாதான் கண்ணுக்கு ஆபத்து. பல்லு நரம்பு வேற, கண்ணு நரம்பு வேற." பிறகு ஃபைலைப் பிரித்து, "சுகர் இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

இதே பதிலை, இதே வேகத்தில், நான் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். எனக்காக இல்லை. அன்று அக்கா நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தாள். "சுகர் இருக்கா? டெஸ்ட் எடுத்துட்டு நாளைக்கு வர்றீங்களா?" என்று அந்தப் பல் டாக்டர் கேட்டார். பக்கத்தில் நின்ற நான்தான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். நாங்கள் இருவரும் அரைநாள் பர்மிஷனில் வந்திருந்தோம். அக்காவுக்கு அதுவரை ஒருமுறைகூட ரத்தம் சோதித்ததில்லை. இல்லாத நோயை எதற்குப் போய்ச் சோதிப்பது என்றுதான் நினைத்தேன்.

இந்த டாக்டர் என் வார்த்தையை நம்பவில்லை. நர்ஸ் விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்தார். முந்நூற்றுக்கு மேல். "ரொம்ப ஜாஸ்தி. பல வருஷமா இருந்திருக்கும், உங்களுக்குத் தெரியல" என்றார் டாக்டர்.

நான் அக்கா கதையைச் சொன்னேன். பல் பிடுங்கிய குழி ஆறவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது என்றேன். நாங்கள் அதைத்தான் அந்த டாக்டருக்குக் கைராசி இல்லை என்பதற்குச் சாட்சியாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அப்பவே அவங்களுக்கு சுகர் இருந்திருக்கும்மா. அதான் புண்ணு ஆறல. பல்லு எந்தப் பாவமும் பண்ணல."

"அன்னிக்கே ரத்தம் பாத்திருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாது. சுகரைக் குறைச்சு, லேசர் பண்ணி, கொஞ்சமாவது பார்வையக் காப்பாத்தியிருக்க வாய்ப்பு இருக்கு."



அன்றே சீழை வடித்தார்கள். இன்சுலின் போட்டுச் சர்க்கரை இறங்கிய பிறகு, மூன்றாம் நாள் பல்லை எடுத்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் நாளைக்குப் பல் எடுக்கப் போகிறவர்கள் இருக்கலாம். வலி இல்லை. மரத்துப்போகும் ஊசி போடும்போதுதான் கடுக்கும். பிறகு யாரோ உங்கள் தலையைப் பிடித்து ஆட்டுவதுபோல் இருக்கும். எலும்புக்குள் ஒரு நெறநெறப்பு கேட்கும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். நான் மூடவில்லை. தலைக்கு மேலிருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், மங்குகிறதா என்று. பல் வெளியே வந்தது. விளக்கு அப்படியே எரிந்தது.

வீட்டுக்கு வந்து தினமும் கண்ணாடிமுன் வாயைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் அந்தக் குழியைப் பார்த்தேன். வீக்கம் வடிந்து கண் திறந்தது. பத்தே நாளில் குழியில் இளஞ்சிவப்பாகச் சதை கூடியது. ஆற ஆற எனக்குப் பயம் கூடியது. என் வாயில் ஒழுங்காக நடப்பது அவள் வாயில் ஏன் நடக்கவில்லை என்று அந்தக் குழியே தினமும் கேட்பதுபோல் இருந்தது. அக்காவோ, "கண்ணு தெரியுதாடி? கம்மியா தெரியுதா?" என்று மணிக்கொரு தரம் கேட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"அவரு கேட்டாரா? சுகர் இருக்கான்னு?"

"கேட்டாருக்கா. உனக்கு ஞாபகம் இல்லியா?"

"வலியில எனக்கு இன்னா தெரியும். நீயா இல்லன்ன?"

"நான்தான்."

அவள் மிச்சப் பூண்டையும் உரித்து முடித்தாள். அதன்பின் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள். தட்டை அவளே கழுவி வைத்தாள். வீட்டில் அவள் கைத்தடிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்தாம் நாள் காலை அவளே கேட்டாள்: "கண்ணக் காட்டுனியா?"

"டாக்டர் காட்டச் சொன்னாங்க. இன்னும் போவல."

"இன்னும் போவலியா? பொடவய எடு. நானும் வர்றேன்."

கண் ஆஸ்பத்திரியில் கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டார்கள். விழித்திரையில் (கண்ணுக்குள் பின்பக்கம், பார்க்கும் காட்சி விழுகிற மெல்லிய படலம்) சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருப்பதாக டாக்டர் சொன்னார். ஆரம்ப நிலை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பார்வைக்குப் பயமில்லை என்றார். அதிலிருந்து எனக்கு வருடத்தில் இரண்டே மாதம்தான், கண் காட்டும் மாதங்கள். மற்ற நாட்களில் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இது எத்தனை நாளைக்கு என்று தோன்றிவிடுகிறது.

வெளியே வந்து பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "நல்லது" என்றாள். கைத்தடியை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"பத்து வருஷமா தெனம் காத்தால எழுந்ததும் அந்த டாக்டரத்தான் சாபம் உடுவேன். அவன் கண்ணு அவியணும், அவன் புள்ளைங்க கண்ணு அவியணும்னு. அப்பதான் எனக்குப் பொழுது போவும். இனிமே யாரத் திட்றது?"

"என்னத் திட்டுக்கா."

"உன்னத் திட்னா சோறு யாருடி போடுவா?"

அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று திரும்பிப் பார்த்தேன். சொட்டு மருந்தில் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை. அவள் முகம் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது.