நின்றால் கண் கட்டும்

வடகரப்பதிப் பக்கம் சென்னிமலையைக் குடிகாரர் என்று சொன்னவர்களில் ஒருத்தர்கூட அவர் குடித்ததைப் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதற்காக வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? மனிதர் பட்டப்பகலில் வரப்பில் நடந்துகொண்டே இருப்பார், தொப்பென்று விழுவார். கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, விட்ட வேலையைத் தொடர்வார். வேறு ஊராக இருந்தால் பாவம், மயக்கம் என்றிருப்பார்கள். இது கேரள எல்லை ஊர். எழுபதுகளின் நடுவில் தமிழ்நாட்டுப் பக்கம் கள்ளுக்கடைகளை மறுபடியும் மூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்களெல்லாம் இங்கே வந்து முட்டக் குடித்துவிட்டு, திரும்பும் வழியில் ரோட்டோரம் கிடந்தார்கள். விழுந்தவன் என்றால் குடித்தவன். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வழக்கமும் வந்திருந்தது. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான், குறை சொல்ல முடியாது. மல்லாந்து கிடந்த ஒருவன் வாந்தி எடுத்து, மூச்சடைத்துச் செத்துப்போனான். அதற்குப் பிறகு கடைக்காரர்கள் விழுந்தவனைக் கிடக்க விடுவதில்லை. தூக்கி வந்து பந்தல் காலில் சாய்த்து உட்காரவைத்து, சரியாமல் இருக்க அவன் துண்டாலேயே நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தெளிந்ததும் அவிழ்த்துவிட்டு, மோர் கொடுத்து பஸ் ஏற்றுவார்கள்.

சென்னிமலைக்குக் கள் வாடையே ஆகாது. மூன்று ஏக்கர் கடலைக்காட்டுக்காரர், கட்டிக்கொடுத்த ஒரே மகள், மனைவி மருதாத்தாள். அவ்வளவுதான் அவர் உலகம். விழத் தொடங்குவதற்கு முன்னாலேயே அவருக்கு வேர்வை நின்றுபோயிருந்தது. சித்திரை வெயிலில் மாடுகள்கூட நுரைதள்ளும், இவர் முதுகு காய்ந்த பலகை மாதிரி இருக்கும். "மாமனுக்கு வேர்க்கறதே இல்லீங்களே, இரும்பு ஒடம்பு" என்று கடலைக்காய் பிடுங்க வந்த பெண்கள் மெச்சினார்கள். மருதாத்தாளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். உடம்பு தன் வேலையை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்ததை அவள் எங்கே கண்டாள்!

பிறகு கண் கட்டத் தொடங்கியது, பார்வை இருட்டிக்கொண்டு வரும். உட்கார்ந்து எழுந்தால் கண் கட்டும், சாப்பிட்டு எழுந்தால் கண் கட்டும், பிடரியிலும் தோளிலும் வலி இறங்கும். ஊர்ப் பேச்சு காதில் விழுந்து விழுந்து, ஒருநாள் அவளும் அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை.

"நீயுமா புள்ள?" என்றார் சென்னிமலை.

அவளுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. மறுநாளே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மேசையில் படுக்கவைத்துக் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மலையாள டாக்டர் சொன்னார்: "ப்ரெஷர் கூடுதலாணு. குளிக கழிக்கணும். உப்பு வேண்டா."

சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. குளிக என்று தந்த மாத்திரையைக் கையில் வைத்து விழுங்கவைத்தாள். ஒரு வருஷம் அவருக்கு உப்பில்லாத சோறு, உப்பில்லாத ரசம், உப்பில்லாத பழைய கஞ்சி. அவர் அலுத்துப்போன வாயோடு விழுங்கினார். தானும் அதையே தின்றாள். அவரோ முன்னைவிட அதிகமாக விழுந்தார். கடைசியில் படுக்கையிலிருந்து எழுந்து பானைத்தண்ணீர் வரைக்கும் போவதே பெரும்பாடாகிவிட்டது.

மகள் தொணதொணத்துக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர். அவர்தான் முதன்முதலில் சென்னிமலையைப் படுக்கவைத்து ஒருதரம், எழுப்பி நிறுத்தி ஒருதரம் பார்த்தவர். படுத்திருக்கையில் உயரத்தில் நின்ற ரத்த அழுத்தம், நின்றதும் பாதிக்கும் கீழே போயிற்று. சென்னிமலையின் கண் செருகியது. டாக்டரே பாய்ந்து பிடித்துப் படுக்கவைத்து, காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தார். சற்று நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பாத்தீங்களாம்மா? நாம எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கும். அதை மேலே தள்ளறதுக்கு உள்ளே நரம்பு இருக்குது. நம்மளக் கேக்காமலே அது வேலை செய்யும். வேர்வை, சீரணம் எல்லாத்தையும் அதுதான் பாத்துக்கும். இவருக்கு அந்த நரம்பு கெட்டுப்போச்சு."

"உப்பு சேத்தக்கூடாதுன்னாங்களே, டாக்டரம்மா?"

"அந்த மாத்திரையை நிறுத்துங்க. இவருக்கு உப்பு வேணும், தண்ணி வேணும். உப்பும் தண்ணியும் இருந்தாத்தான் கொஞ்சமாச்சும் நிப்பாரு."

மருதாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருஷமாகத் தன் கையாலேயே அவரைச் சாய்த்துக்கொண்டிருந்தாளே!

இது குணமாகாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாரம் ஒருமுறை படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்க்க வேண்டும், இறங்குவது தெரிந்தால் முன்கூட்டியே சமாளிக்கலாம். படுத்தால் ஏறும் அழுத்தம் தணிய, ராத்திரியில் கட்டிலின் தலைமாட்டில் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும். எழும்போது மெல்ல எழ வேண்டும். "விழுந்துட்டா உடனே படுக்க வைங்க, காலைத் தூக்குங்க. எந்தக் காரணத்துக்கும் உக்கார வெக்காதீங்க, தலைக்கு ரத்தம் ஏறாது, உசுருக்கே ஆபத்து."

பழைய அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் கந்தப்பன் சிரித்தார். "நிக்க வெச்சு ப்ரெஷர் பாக்கறது எந்த ஊர் வைத்தியமுங்க?" மருதாத்தாள் நகரவில்லை. "பாத்துப்போட்டுப் பேசுங்க" என்றாள். வேண்டாவெறுப்பாகப் பார்த்தவர், முள் இறங்கிய இறக்கத்தைக் கண்டதும் தானே தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்தார். பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் அவரே பெஞ்சைத் துடைத்து வைத்தார்.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. மருதாத்தாள் நாள் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குரல் மெலிந்தால் உட்காரச் சொல்வாள், பிடரியைத் தடவினால் படுக்கவைப்பாள். ஊரோடு மல்லுக்கு நின்றாளா என்றால், அதுதான் இல்லை. "இது நரம்புச் சீக்கு" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அவளுக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சொல்லியிருக்கலாம், தொண்டை கிழியக் கத்தியாவது சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. காட்டில் மோட்டார் நின்றுவிட்டதென்று மருதாத்தாள் ஓடினாள்.

"நா வந்தறனுங்க. தனியாப் போகாதீங்க."

"பஸ்ஸு போயிரும் புள்ள. கந்தப்பன் காத்துக்கிட்டு இருப்பான்."

"போனாப் போவுது, கெடங்க."

அவர் கிடக்கவில்லை. இரண்டு வாரமாக நிற்கும்போது பார்த்த அளவு இறங்கிக்கொண்டே வந்தது அவருக்கும் தெரியும், பயமாகவும் இருந்தது. சோறு தின்ற கையோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது கட்டில் காலி. தலைவிரிகோலமாக ரோட்டுக்கு ஓடினாள். கள்ளுக்கடைப் பந்தலில் காலில் சாய்ந்து, தலை தொங்கி உட்கார்ந்திருந்தார் சென்னிமலை. துண்டு நெஞ்சைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தது. பக்கத்திலேயே மோர்ச்சொம்போடு குப்பண்ணன், கடையில் வேலை செய்கிற, அவள் பிறந்த வீட்டுப் பங்காளிப் பையன், ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, பயப்படாதீங்க. ரோட்டுல உழுந்து கெடந்தாரு. நாந்தான் நாலு ஆளோட தூக்கியாந்து பத்தரமா உக்கார வெச்சேன். இன்னும் தெளியல."

அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். கையால் அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். மண்ணில் நீட்டிப் படுக்கவைத்து, இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் வைத்த மாதிரியே வைத்தாள். முகத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. குடிக்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.

"ஏதாச்சும் பேசினாராடா?"

"நடுவால கண்ணத் தொறந்தாருங்க அக்கா. படுக்க வைங்கடா, படுக்க வைங்கடான்னு நாலஞ்சு தரம் சொன்னாரு." குப்பண்ணன் மோர்ச்சொம்பைக் கீழே வைத்தான். "மொதல்ல தெளியட்டுமுங்க மாமான்னு, நாந்தான் இன்னொரு முடிச்சுப் போட்டேன்."

மருதாத்தாள் அவர் காலை இறக்கவில்லை. அவர் மூச்சு நின்றுபோன பிறகும், பொழுது சாயும் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாள்.