காப்பர் டி: போடவும் எடுக்கவும்

முன்பின் தெரியாத பெண்ணின் வீட்டுக்குள் போய், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?" என்று கேட்பதுதான் நர்ஸ் வேலை. புதுச்சேரியில் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்து வருஷத்தில் பெரும்பகுதியை நான் இப்படியே கழித்தேன். முதலியார்பேட்டையில் வீடு, வடக்கே கனகசெட்டிக்குளம் வரைக்கும் வேலை, கையில் ஒரு பதிவேடு, பையில் கர்ப்பத்தடை சாமான்கள். அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள், நர்ஸோ, கணக்கெடுப்புக்குப் போன வாத்தியாரோ, யாராயிருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

எதிர்க்கேள்வி

வேலையில் சேர்ந்த புதிதில் என்னை வைத்திக்குப்பத்துக்கு அனுப்பினார்கள். அஞ்சலை என்று ஒருத்தி, கரையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள். நாலாவது வேண்டாம், ஆபரேஷனுக்கும் பயம். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே காப்பர் டி பற்றி ஒப்பித்தேன். ஒரு தடவை போட்டால் பத்து வருஷம் கவலையில்லை, வலிக்கவே வலிக்காது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றேன். அவள் தலையைத் தூக்காமல், "நீ போட்டுக்கினியா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. நான் போட்டுக்கொள்ளவில்லை. பதிவேட்டைத் திறந்து எதையோ தேடினேன். "அப்ப போய்ட்டு வா" என்று அடுத்த மீனை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் வீடு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகிற வீடு. இந்தப் பேச்சே அங்கே கிடையாது. கணவரிடம் மட்டும் சொன்னேன். உன் விருப்பம் என்றார். மாமியாரிடம் சொல்லவில்லை. எங்கள் லேடி டாக்டரே போட்டுவிட்டார். ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கு முழுக்க அடிவயிற்றைச் சுருட்டிச் சுருட்டி இழுத்தது. அந்த மாதத் தீட்டும் வழக்கத்தைவிட அதிகம்.

மறுபடியும் அஞ்சலையிடம் போனேன். போட்டுக்கொண்டேன் என்றேன், பட்ட அவஸ்தையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே, இனி இவள் எங்கே வரப்போகிறாள் என்று தோன்றியது. அவள் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வலிக்கும்னு சொன்னது இதுவரைக்கும் நீ ஒருத்திதான். அதனால வரேன்."

மாமியாருக்குத் தெரியக்கூடாது

கனகசெட்டிக்குளத்துக்கு முன்னால், பெரிய ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு விவசாய ஊர். ராதாவுக்கு இருபத்தொரு வயது, மடியில் எட்டு மாதக் குழந்தை. அவள் மாமியார் குப்பம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார்கள் அவ்வளவு இளசு. நான் பேச ஆரம்பித்ததுமே குப்பம்மாள் குறுக்கே வந்துவிட்டாள். எங்கேயோ ஒருத்திக்கு அது நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையையே வாங்கி, கர்ப்பப்பை இப்படி மூடின பை, இதற்குள் வைத்தது நெஞ்சுக்குப் போக வழியே இல்லை என்று காட்டினேன். பையைப் பிடுங்கிக்கொண்டு, எங்க வீட்டுக்கு வேண்டாம் என்று வாசல்வரை வந்து அனுப்பிவைத்தாள்.

தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு கை முருங்கைக்கீரையோடு குப்பம்மாளே பின்னால் வந்தாள். கீரை ஒரு சாக்கு. போன மாதம் தீட்டு மூன்று வாரம் தள்ளிப்போய், பேரன் பிறந்த வீட்டில் நானும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் ஊர் சிரிக்குமே என்று நடுங்கிப்போயிருக்கிறாள். நல்லவேளையாக ஒன்றும் இல்லை. தனக்குப் போட்டுவிடச் சொன்னாள், மருமகளுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றாள். அந்த வாரமே எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து போட்டுக்கொண்டு போனாள். அடுத்த புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி என்று ராதா வந்தாள். ஊசி போட்டு முடித்ததும், எனக்கும் அதைப் போட்டுவிடுங்க சிஸ்டர், அத்தைக்குத் தெரியக்கூடாது என்றாள்.

இரண்டு ரகசியத்தையும் காப்பாற்றினேன். ஆனால் ஒரு மாதம் கழித்து, காப்பர் டியின் முனையில் தொங்குகிற நூல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வரச்சொன்னபோது, இரண்டு பேருக்கும் ஒரே தேதியைக் கொடுத்துத் தொலைத்தேன். தப்பு என்னுடையதுதான். காலையில் கதவைத் திறந்தால் பெஞ்சில் இந்த முனையில் மாமியார், அந்த முனையில் இடுப்பில் குழந்தையோடு மருமகள். தலைவலி மாத்திரைக்கு வந்தேன் என்கிறாள் ஒருத்தி, சளி என்கிறாள் இன்னொருத்தி. இரண்டு பேர் கையிலும், காப்பர் டி போட்டவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற அதே பச்சை அட்டை. நான் உள்ளே போய் மேஜையைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டேன். அப்புறம் குப்பம்மாளின் குரல் கேட்டது. "சொல்லியிருந்தா ஒரே பஸ்ல வந்திருக்கலாம். புள்ளையையாவது நான் தூக்கிக்கினு வந்திருப்பேன்."

ஆட்டோக்காரர்

ஆண்கள் பொதுவாக எங்கள் கட்டடத்துக்கு எதிரில் டீக்கடையோடு நின்றுவிடுவார்கள். முதலியார்பேட்டையில் எங்கள் தெரு ஆட்டோக்காரர் மட்டும் மனைவியோடு உள்ளே வந்து உட்கார்ந்து, எல்லாச் சந்தேகத்தையும் கேட்டார். துரு பிடிக்குமா, கழன்று விழுமா, எத்தனை வருஷத்துக்குத் தாங்கும்? எப்போதாவது சிலருக்கு நழுவி வந்துவிடும், அதனால்தான் நூலைப் பார்க்கச் சொல்கிறோம், மற்றபடி பத்து வருஷம் என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "என் வண்டிக்கே வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். இதுக்கு இல்லன்னா போட்டுக்கம்மா."

எடுக்கச் சொன்னவள்

இதுவரை சொன்னதை வைத்து என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்திருந்தால், விஜயாவிடம் கேளுங்கள். டவுனில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை அவளுக்கு. காப்பர் டி போட்டதிலிருந்து தீட்டு எட்டு நாள், ஒன்பது நாள் என்று நீண்டது. கம்பெனியில் அடிக்கடி கழிவறைக்குப் போக விடமாட்டார்கள். மூன்றாவது மாதம் வந்து எடுத்துவிடச் சொன்னாள். போகப்போகச் சரியாகிவிடும் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். பலருக்குச் சரியாகவும் ஆகும், அது பொய்யில்லை. ஆனால் நான் அனுப்பினதற்கு அது மட்டும் காரணமில்லை. மாதக் கடைசியில் மேலதிகாரிகள் நடத்துகிற கூட்டம். எத்தனை பேருக்குப் போட்டாய் என்று வரிசையாக நிறுத்திக் கேட்பார்கள். எடுத்ததைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

அடுத்த மாதமும் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், இன்னும் ஒரே ஒரு மாதம் பாரேன் என்றேன். அவள் சண்டை போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, எடுக்காமல் போகமாட்டேன் என்று இருந்துவிட்டாள். கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து அவள் ஒரு கேள்வி கேட்டாள். மேஜையில் படுக்கவைத்து எடுத்துவிட்டேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து, வேறு வழிகளைச் சொல்லி அனுப்பினேன். கூட்டத்தில், அவள் கேட்டாள், எடுத்தேன் என்று சொன்னேன். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து போட வருகிற ஒவ்வொருத்தியிடமும், வேண்டாமென்று நினைக்கிற அன்றைக்கே வா, எடுத்துவிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். விஜயா கேட்டது இதுதான். "போடும்போது என்னைக் கேட்டுத்தானே போட்டீங்க? எடுக்கறதுக்கு யாரைக் கேக்கறீங்க?"

மலர்

கனகசெட்டிக்குளத்து மலருக்கு ஒரு பெண், ஒரு பையன். புருஷன் கடலுக்குப் போகிறவன். ஆணும் பெண்ணும் ஆகிவிட்டது, ஆபரேஷன் பண்ணிக்கொள் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கடலுக்குப் போகிற வீட்டில் யாரும் எதையும் முடிவாகச் சொல்ல மாட்டோம் என்று சொல்லி, காப்பர் டி போட்டுக்கொண்டாள். எனக்கு அப்போது அது பிடிவாதமாகத்தான் பட்டது.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது பையன் போய்விட்டான். நான்கு வயது. அவளைப் பார்க்கப் போனேன். மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியைக் வெட்டின கருக்குழாயைத் திரும்பச் சேர்க்கும் பெரிய ஆபரேஷனுக்காக நானே அழைத்துப் போனேன். செய்து பார்க்கலாம், பிள்ளை தரிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அவள் பஸ்ஸில் திரும்பி வருகிறவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். முன்பு அந்த முதல் ஆபரேஷனுக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டு போனவளும் நான்தான்.

மலர் ஏழெட்டு மாதம் கழித்துத் தனியாக வந்தாள். எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. இரண்டு மாதம் ஆனதும் குழந்தையைப் பார்க்கப் போனேன். நல்ல எடை, நல்ல சத்தம். எடை போட்டு எழுதிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "நாளைக்கு வரேன், அதையே திரும்பப் போட்டுடுங்க சிஸ்டர். ஆபரேஷன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க."

ஒரு பெண் எப்போது எத்தனை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்ல ஊரில் எல்லாருக்கும் வாய் இருந்தது, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.