ஹாம்பர்க்கில் விடியும் நேரம்

அக்காவுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே, மச்சான் கப்பல் பழுது பார்க்கும் வேலைக்கு ஜெர்மனியில் ஹாம்பர்க்குக்குப் போய்விட்டார். அறுபதுகளின் நடுவில் அது. அக்கா காரைக்குடியில் அம்மா, அத்தாவோடு எங்கள் வீட்டிலேயே பின்னறையில் இருந்தாள். எனக்குப் பதினேழு வயது.

'அடுத்த வருஷம் உன்னை அழைத்துக்கொள்கிறேன். எந்த மாதம் வருவது என்று நீயே முடிவு செய்' என்று மச்சான் எழுதினார். ஒவ்வொரு மாதமும் அங்கே எப்போது விடியும், எப்போது இருட்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதி அனுப்பியிருந்தார். வெயிலிலேயே வளர்ந்தவள், வந்ததும் மிரண்டுவிடக் கூடாதென்று அவருக்குக் கவலை.

அக்கா அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, மாதாமாதம் அந்த நேரப்படியே இருந்து பார்த்தாள். அந்த ஊர் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். டிசம்பரில் அங்கே விடியும்போது இங்கே பகல் ஒரு மணி. அதுவரை சன்னல்களை அடைத்து, விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டாள். விளையாட்டு என்று நாங்கள் சிரித்தோம்.

ஒருநாள் பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. கைகால் கழுவி ஒளு செய்ய அக்கா அரிக்கேன் விளக்கோடு கிணற்றடிக்கு வந்தாள், ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வைத்து.

"என்னக்கா இது, பட்டப்பகல்ல?"

"வழி தெரியலடி. விளக்கைக் கொஞ்சம் பிடி."

வாங்கும்போது அவள் விரல் பட்டது. சில்லென்றிருந்தது. அன்று முதல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச்சில் ஒரு மாலை அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். நன்றாக இருட்டிவிட்டது. அறையில் விளக்கில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன்.

"ஏன்டி தடவிக்கிட்டு வாரே? இம்புட்டு வெளிச்சத்துல?"

தீக்குச்சியைக் கிழித்தேன். அக்கா மடியில் ரவிக்கைத் துணி. இருட்டிலேயே தைத்திருக்கிறாள். தையல், நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

அத்தாவிடம் சொன்னேன். அவர் வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"எம்மா, எந்த மாசம்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஏப்ரலும் மேயும் பாக்கணும்த்தா. மிச்சமெல்லாம் பாத்துட்டேன். நவம்பர் ஆகவே ஆகாது. அங்க ஆத்து மேல புகையா எந்திரிச்சு வருது, எதுக்க நிக்கிறது யாருன்னு தெரியல."

அத்தா மறுவாரமே மே மாதத்துக்கு டிக்கெட் எடுத்தார். பம்பாய் வரை கூடப் போய் விமானம் ஏற்றிவிட்டு வந்தார்.

இரண்டு வாரத்தில் அக்காவின் கடிதம் வந்தது. மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, குளிர் தாங்கக்கூடியதாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அம்மா அதை நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

மச்சான் அத்தாவுக்குத் தனியே எழுதியிருந்தார். அதை நான்தான் பிரித்தேன். 'பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு முன்னால் நடந்தாள். மூன்று தெரு தாண்டி, சரியாக எங்கள் சந்தில் திரும்பி, வீட்டு வாசலில் போய் நின்றாள். வழியைப் பற்றி நான் ஒருநாளும் எழுதியதில்லை மாமா. நீங்கள் யாரிடமாவது விசாரித்துச் சொன்னீர்களா?'

அத்தா கடிதத்தை வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்காக?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"நல்லபடியா வந்து சேந்துட்டாளாம்" என்றார் அத்தா.