மூன்று தேரைகளும் ஒரு டிக்கும்

1. சார்ஜ் எடுத்த நாள்

ஆஸ்பத்திரி லாபரட்டரியில் அசிஸ்டண்டாகச் சேர்ந்த முதல் நாள், கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் ஒப்படைத்தவை ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சாவிக்கொத்து, பதினேழு தேரைகள். மைக்ராஸ்கோப் லென்ஸில் கீறல் விழுந்திருந்தது. சாவிகளில் பாதிக்குப் பூட்டு கிடையாது. தேரைகள் மட்டும் நல்ல நிலையில் இருந்தன.

தவளை அல்ல, தேரை. இந்த வித்தியாசத்தை நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி முதல் ஆண்டிலேயே ஓய்ந்துவிட்டேன். அவர்கள் கடைசிவரை தவளை என்றுதான் சொன்னார்கள்.

இன்றைக்கு லாபில் வேலை செய்யும் பிள்ளைகள் கேன்சரைக் காட்டிக்கொடுக்கும் மார்க்கர் பற்றிப் பேசும்போது அது தாங்கள் பிறந்த பிறகு வந்த சங்கதி என்பதுபோலப் பேசுகிறார்கள். ரத்தத்தை மெஷினில் வைத்தால் எண் வருகிறது. எண்ணைக் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். எங்கள் காலத்திலும் மார்க்கர் இருந்தது, மெஷின்தான் இல்லை. அந்த வேலையைத் தேரை செய்தது.

விஷயம் இதுதான். கர்ப்பம் தரித்தவுடன் நஞ்சுக்கொடி செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது தாயின் சிறுநீரில் இறங்கும். அந்தச் சிறுநீரை ஆண் தேரையின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றினால், மூன்று நாலு மணி நேரத்தில் தேரை விந்தணுவை வெளியே விடும். தேரையின் மூத்திரத்தில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால் நீந்துவது தெரியும். தெரிந்தால் பாசிட்டிவ்.

இது கர்ப்பத்துக்கு மட்டும் ஆன சோதனை அல்ல. சில பெண்களுக்குக் கருப்பையில் குழந்தை உருவாகாமல் திராட்சைக்குலை போல நீர்க்கட்டிகள் வளரும். முத்துப்பிள்ளை என்பார்கள். அதைச் சுரண்டி எடுத்த பிறகு ஹார்மோன் படிப்படியாகக் குறைந்து மறைய வேண்டும். மறைந்தது மறுபடி ஏறினால், உள்ளே எங்கோ அந்தச் செல்கள் கேன்சராகப் பெருகுகின்றன என்று அர்த்தம். அந்த ஆண்டுகளில் மலாக்காவில் அதற்கு இருந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. கருப்பையை எடுத்துவிடுவது.

2. அஞ்சலையின் போத்தல்

அஞ்சலைக்கு இருபத்திரண்டு வயது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தாள். புருஷன் முனிசிபாலிட்டியில் ரோடு வேலை. முதல் கர்ப்பமே முத்துப்பிள்ளை. எடுத்தபின் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை, விடியற்காலைச் சிறுநீரைப் போத்தலில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் அதைச் செய்தித்தாளில் சுற்றி, பாசார் கூடையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள்.

"தவளை என்னாய்யா சொல்லுச்சி?"

"தேரை. நெகட்டிவ்."

"அப்படின்னா நல்லதா கெட்டதா?"

"நல்லது."

"நல்லதுக்குப் போயி இல்லன்னு பேரு வச்சிருக்கீங்க."

இரண்டு மாதம் தொடர்ந்து நெகட்டிவ். இன்னும் பத்து மாதம் இப்படியே போனால் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் சிவகுரு சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பிரசவ வார்டும் பெண்களுக்கான ஆபரேஷனும் அவர் பொறுப்பு. அவர் சொன்ன பத்து மாதத்தை அஞ்சலை வீட்டுக் காலண்டரில் கரிக்கட்டியால் குறித்து வைத்திருந்தாள்.

3. நான் எழுதிய புத்தகம்

அது மெர்டேக்கா வாரம். சனிக்கிழமை நாடு சுதந்திரம் அடைகிறது. லாபின் தலைவராக இருந்த துரை கப்பலேறப் போகிறார். ஒன்றாம் தேதியிலிருந்து லாப் என் பொறுப்பு. போகிற துரை போகிற போக்கில், லாபின் எல்லா புரொசீஜரையும் ஒரே புத்தகமாக டைப் அடித்துக் கொடுக்கச் சொன்னார். வருகிற உள்ளூர்க்காரன் எதையும் மறந்துவிடக்கூடாதே என்ற கவலை அவருக்கு. அந்த உள்ளூர்க்காரன் நான்தான் என்பதும், அந்த புரொசீஜர்களில் பாதியை எழுதியவன் நான்தான் என்பதும் அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அஞ்சலையின் போத்தல் வந்தது. மூன்று தேரை வேண்டும். ஒன்றுக்குச் சிறுநீர் அப்படியே. இரண்டாவதற்குப் பத்துக்கு ஒன்றாக நீர் கலந்து. மூன்றாவதற்கு ஐம்பதுக்கு ஒன்று. ஐம்பதிலும் பாசிட்டிவ் வந்தால் ஹார்மோன் மிக அதிகம்.

தேரை பிடித்து வருவது லாப் அட்டெண்டண்ட் நாகப்பனின் வேலை. அவர் காஜா பேராங் சிட்டிக் கம்பத்துக்காரர்; தலைமுறைகளுக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் குடியிருப்பு அது. பெயரில் தமிழ் இருந்தது, பேச்சு மலாய். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொட்டிய மழையில் கம்பத்துக்குப் பின்னால் தாழ்வான நிலமெல்லாம் குளமாகியிருந்தது. புதிதாக எட்டு ஆண் தேரை பிடித்து வந்து பெட்டியில் விட்டார். ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இனி கோடோ தெங்ஙா காவின், இஞ்சே."

இந்தத் தேரைகள் கல்யாணம் கட்டிக்கொண்டிருந்தவை, ஐயா என்கிறார். ஆணும் பெண்ணும் கட்டிப் பிடித்துக் கிடந்தபோது பிரித்து எடுத்து வந்ததாகக் கையால் ஜாடை காட்டினார்.

"விருந்துக்கு நம்மைக் கூப்பிடவில்லையே" என்று மலாயில் சொல்லிவிட்டு டைப் அடிப்பதைத் தொடர்ந்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார்.

வேலை தெரிந்தவர்களுக்கு அவர் சொன்னதன் பொருள் விளங்கும். இணை சேரும் சமயத்தில் பிடித்த ஆண் தேரை, ஊசியே போடாமலும் விந்தணுவை விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் புதுத் தேரையை ஒரு வாரம் தனியே வைக்க வேண்டும். ஊசி போடுவதற்கு முன் அதன் மூத்திரத்தில் ஒரு துளி எடுத்துப் பார்த்து, விந்தணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ரிஜிஸ்தரில் அதற்கென்று நாலாவதாக ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைப் போட்டவன் நான்.

அந்தப் புதுத் தேரைகளில் மூன்றுக்கு ஊசி போட்டேன். நாலாவது கட்டத்தில் டிக் போட்டேன். பார்க்கவில்லை. அந்த நேரத்தில் டைப்ரைட்டரில் நான் அடித்துக்கொண்டிருந்த பக்கத்தின் தலைப்பு, ஊசிக்கு முன் தேரையைச் சோதிக்கும் முறை.

மத்தியானம் பார்த்தால் மூன்று சில்லிலும் நீச்சல். ஐம்பதுக்கு ஒன்றிலும் அதே அளவு. போன மாதம் ஒன்றுமில்லை, இந்த மாதம் வெள்ளம். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அஞ்சலைமேல் பரிதாபம். அதோடு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு வார்டுக்கு அனுப்பினேன்.

கர்ப்பமாகக் கூடாத காலம் என்பதால் கேன்சர் என்றே முடிவு கட்டி, செவ்வாய்க்கிழமை அவளை வார்டில் சேர்த்தார்கள். வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன்.

4. புதன்கிழமை

புதன் காலை வேறொரு பெண்ணின் போத்தல் வந்தது. புத்தகம் முடிந்துவிட்டதால் என் கை சும்மா இருந்தது. அதே பெட்டியிலிருந்து ஒரு தேரையை எடுத்து, முறைப்படி ஊசிக்கு முன் ஒரு துளி பார்த்தேன். நீந்திக்கொண்டிருந்தன.

இன்னொரு தேரை. அதிலும். மிச்சமிருந்த மூன்றையும் பார்த்தேன். எதற்கும் யாரும் ஊசி போட்டிருக்கவில்லை. ஐந்தும் பாசிட்டிவ்.

நாகப்பன் கதவருகில் துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்தார். சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தேன். டாக்டர் சிவகுரு வராந்தாவில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன காணும், கொடி கட்டுற கமிட்டியில இருந்து வாறீரோ?"

"இல்ல டாக்டர். அஞ்சலை ரிப்போர்ட்ட நான் திரும்ப வாங்கிக்கணும்."

"ஏன், ஸ்பெல்லிங் பிழையோ?"

"தேரைய முன்னாடி பாக்கல. புதுசாப் பிடிச்ச தேரை. அந்தப் பாசிட்டிவ் அஞ்சலையோடது இல்லாம இருக்கலாம்."

ரிஜிஸ்தரை வாங்கி நாலாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதில டிக் கிடக்கே."

"நான்தான் போட்டேன்."

"பார்க்காமல் போட்டனீர்."

"ஆமா டாக்டர்."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நிறைய நேரம் ஆயிற்று.

"நாளைக்குக் காலமை அந்தப் பிள்ளையை மேசையில ஏத்தியிருப்பன். எடுத்துப்போட்ட பிறகு நீர் வந்து சொன்னால் நான் அதைத் திருப்பி வைக்க ஏலுமோ?"

அது பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல.

"திங்கட்கிழமைப் போத்தல் இன்னும் கிடக்கோ?"

"ஐஸ் பெட்டியில இருக்கு."

"அப்ப இங்க நிண்டு என்னத்தைப் பார்க்கிறீர்?"

நல்ல தேரைக்கு எங்கே போவது என்ற யோசனையோடு லாபுக்குத் திரும்பினேன். நாகப்பன் பின்கட்டிலிருந்து ஒரு மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மூன்று கிழட்டுத் தேரைகள். பல தடவை ஊசி வாங்கி ஓய்வில் இருந்தவை. பென்சென்காரர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். என்னிடம் கேட்காமலே மூன்று வாரமாகப் பெண் தேரைகளின் வாசமே படாமல் தனியே வைத்திருந்திருக்கிறார்.

ஒவ்வொன்றையும் முன்கூட்டிப் பார்த்தேன். விந்தணு இல்லை. நாகப்பனையும் லென்ஸில் கண் வைக்கச் சொன்னேன். "தாடா" என்றார், இல்லை என்று. திங்கட்கிழமைச் சிறுநீரையே ஏற்றினேன். நாலு மணி நேரம் இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அதைத் தவிர அன்று லாபில் வேறு வேலை நடக்கவில்லை.

மூன்றும் நெகட்டிவ்.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டிலும் உம்மட கையெழுத்துத்தான். எதை நம்புறது?"

"ரெண்டாவத. ஆனா புது சாம்பிள் எடுத்து இன்னும் ரெண்டு தடவ பாக்கணும்."

"இப்பதான் லாப்காரன் மாதிரிக் கதைக்கிறீர்" என்றார். வியாழக்கிழமை ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிவைத்தார். வெள்ளிக்கிழமை நெகட்டிவ். மறு செவ்வாய் நெகட்டிவ். இடையில் சனிக்கிழமை சுதந்திரம் வந்தது. என்னால் அதைச் சரியாகக் கவனிக்க முடியவில்லை.

5. யார் தப்பு

வீட்டுக்குப் போகும் நாளில் அஞ்சலை லாப் ஜன்னலுக்கு வந்தாள்.

"பொத்தோங் பண்ணி வயித்த எடுக்கணும்னாங்க, அப்பறம் வேணாம்னாங்க. தவளை மாத்திச் சொல்லிருச்சாமே?"

நர்ஸுகள் கௌரவமான ஒரு கதையைச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் அதையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"தேரை மேல தப்பு இல்லம்மா. நான் பாக்க வேண்டியதப் பாக்காம விட்டுட்டேன்."

அவள் கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"வயித்த எடுத்துருந்தா யாரு தப்புன்னு தெரிஞ்சி எனக்கு என்னாய்யா ஆவப்போவுது? எங்க மாமியா அதுக்குள்ள இவருக்கு வேற பொண்ணு பாக்க கிளேபாங் வரைக்கும் போயிட்டு வந்துருச்சி."

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாதம் என்றைக்குப் போத்தல் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள்.

அன்று துரையின் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு அடித்தேன். நாலாவது கட்டத்தில் டிக் கூடாது. பார்த்ததை எழுத்தில் எழுத வேண்டும். தேரையைப் பிடித்தவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய தேரைக்கு ஊசி போடக்கூடாது. அட்டெண்டண்டுக்கு அப்படி ஒரு அதிகாரமா என்று மேலிடத்தில் கேட்டார்கள். தேரையைப் பற்றி லாபில் அவருக்குத்தான் அதிகம் தெரியும் என்று பதில் எழுதினேன். திரும்பக் கேட்கவில்லை.

மாதந்தோறும் கீரைக்கு அடியில் போத்தல் வந்தது. நெகட்டிவ். பத்து மாதமும் முடிந்து, இன்னொரு அரை வருஷம் கழித்து, ஒரு நாள் அஞ்சலை போத்தலை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"நாப்பத்தஞ்சு நாளாச்சி. இந்தத் தடவ தேரைய மொதல்லயே பாத்துருவீங்கல்ல?"

தவளை என்று அவள் சொல்லாதது அன்று ஒரு நாள்தான்.

நாலாவது கட்டத்தில் எழுதினேன்: மூன்று தேரை, விந்தணு இல்லை. நாகப்பன் கீழே கையெழுத்துப் போட்டார். மத்தியானம் மூன்று சில்லிலும் நீச்சல்.

ஆறு தடவை பார்த்தேன். சோதனையில் குற்றமில்லை. ஆனால் அந்த ஹார்மோன் குழந்தைக்கும் சுரக்கும், கேன்சருக்கும் சுரக்கும். எதற்கு என்று தேரைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பாசிட்டிவ் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. இருபது வாரம் வரை டாக்டர் வார்த்தை விடவில்லை. பிறகு ஒரு நாள் லாபுக்கு ஒரு சீட்டு வந்தது. இந்தப் பேஷண்டின் போத்தல் இனி வராது, வயிற்றில் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது என்று எழுதியிருந்தார்.

நாகப்பனுக்கு மலாயில் சொன்னேன். பென்சென்காரர்களின் சட்டிக்குப் புதுத் தண்ணீர் மாற்றினார்.

லாபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் புத்திமதி சிறியது. டிக் போடாதீர்கள், எழுதுங்கள். எழுதியும் பொய் சொல்லலாம்தான். ஆனால் ‘பார்த்தேன், இல்லை’ என்று முழுதாக எழுதி முடிப்பதற்குள், பார்க்காத கை ஒரு தடவையாவது நிற்கும். எனக்கு அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது.