நாற்பது பாடங்களுக்கு வெளியே

வால்வு பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாளே பேக்கிங் அறை வாசலில் கால்மணி நேரம் நின்றேன். உள்ளே யாரோ வெளிநாட்டு மொழியில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம், சற்று மௌனம், மறுபடி ஒரு வாக்கியம். ஏதோ பெரிய இடத்துப் போன் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பட்டச் சான்றிதழின் நகலைப் பையிலேயே வைத்துத் திரிந்த காலம் அது. ஆனாலும் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே போகக்கூடாது என்ற கிராமத்துப் பழக்கம் விடவில்லை. பேச்சு முடிகிற வழியாக இல்லை. எட்டிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய ஒருவர், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஓர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியபடி அதனிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா?"

"புதுசா சேர்ந்திருக்கேண்ணே. எஞ்சினியர்."

"அப்ப இங்கிலீஷ் வரும்."

"படிச்சதெல்லாம் அதுலதாண்ணே."

"அது சரி. பேச வருமா?"

பையிலிருந்த சான்றிதழ் கொஞ்சம் சுருங்கியது. "படிச்சா புரியும்" என்றேன்.

ஒரு பெட்டியைக் காலால் நகர்த்திப் போட்டார். "உக்காரு. நீ நம்ம ஆளு."

தொழிற்சாலை முழுக்க அவருக்கு ஒரே பெயர், ஜப்பான். "ஜப்பான் வந்தாச்சா?" "ஜப்பான் இன்னைக்கு லீவு." எல்லாம் ஒரு லேபிளில் தொடங்கியது. எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் வாங்குவது ஒரு ஜப்பானிய நிறுவனம். பெட்டியில் ஒட்ட வேண்டிய லேபிளை அவர்களே அனுப்புவார்கள். அதை இவர் ஐந்து மாதம் தலைகீழாக ஒட்டியிருக்கிறார். அதில் எழுதியிருந்தது, 'இந்தப் பக்கம் மேலே'. அதை நம்பி அங்கிருந்தவர்கள் ஒவ்வொரு பெட்டியையும் கவனமாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். புகார் வந்தது. முதலாளி இவரை எல்லார் முன்னாலும் வைத்துக் காய்ச்சி எடுத்தார். "அது என்னன்னு இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்காவது தெரியுமா சார்?" என்று இவர் கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலமே பழைய புத்தகக் கடையில் ஒரு ஜப்பானியப் பாடநூலும் அதற்கான ஒலிப்பதிவும் வாங்கிவிட்டார். மொத்தம் நாற்பது பாடங்கள்.

ஒலிப்பதிவில் ஒரு பெண் ஒரு வாக்கியம் சொல்வார். நான்கு விநாடி இடைவெளி வரும். அதற்குள் இவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழு வருடம் சொன்னார். குளிக்கும்போது, டேப் ஒட்டும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது. எழுத்துத் தேர்வில் மூன்று படிகள் ஏறிவிட்டார். இரண்டாயிரம் எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். அந்தத் தேர்வில் பேசச் சொல்வதில்லை. அது தேர்வு நடத்துகிறவர்களின் கருணை.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். குளிர்பதனப் பெட்டி, கதவு, கண்ணாடி என்று எங்கு பார்த்தாலும் எழுத்துச் சீட்டுகள். அக்கா, அதாவது அவர் மனைவி, டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொம்பள என்ன சொன்னாலும் நாலு செகண்டுல பதில் வருது தம்பி. நான் நாலு தடவ கூப்பிட்டாலும் வர்றதில்ல."

"அது பயிற்சிம்மா."

"கல்யாணமாகிப் பதினோரு வருஷமா இதுவும் பயிற்சிதாங்க."

பேசிப் பழகவும் முயன்றிருக்கிறார். இணையத்தில் ஒரு ஜப்பானிய மாணவன் கிடைத்தான். நாற்பது நிமிடம் பேசினார்கள். அதில் முப்பத்தெட்டு நிமிடம் இருவரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பையனுக்கு ஏதோ வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

அப்போதுதான் வாய்ப்பு வந்தது. வாங்கும் நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வரவிருந்தார். வழக்கமாக வரும் மொழிபெயர்ப்பாளர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். முதலாளி இவரைக் கூப்பிட்டார்.

"ஏழு வருஷமா பெட்டிகூட பேசுறியே, மனுஷன்கூட பேசுவியா?"

"பேசுவேன் சார்."

"நல்லபடியா முடிஞ்சா திங்கள்லேர்ந்து உனக்கு ஆபீஸ்ல மேஜை. தொடர்பு அலுவலர். சொதப்பினா ரிட்டயர் ஆகுற வரைக்கும் டேப்புதான்."

பதினான்கு வருடம் குனிந்து டேப் ஒட்டிய முதுகு அது. அந்த மேஜை அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். மதிய இடைவேளைகளில் நான் ஆய்வாளராக நடித்தேன். எனக்குத் தெரிந்த மொழியில்தான். "பயணம் சௌகரியமா இருந்துச்சான்னு என்னைக் கேளுங்கண்ணே." கேட்டார், அழகாக. "இல்ல, வழியில பெட்டி தொலஞ்சுபோச்சு" என்றேன்.

திகைத்துப் போனார். "இது எந்தப் பாடத்துல வருது?"

"பாடத்துல வராதுண்ணே."

"பாடத்துல வராததை அவரு ஏன் பேசுறாரு?"

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான, வயதான மனிதர், கையில் சின்ன நோட்டு. வணக்கம் சொன்னார், இவர் சொன்னார். ஆய்வாளர் நீளமாக ஒரு வாக்கியம் சொன்னார். இவர் அதே வாக்கியத்தை, அதே ஏற்ற இறக்கத்தோடு, நான்கு விநாடிக்குள் திருப்பிச் சொன்னார். ஆய்வாளர் புருவத்தைத் தூக்கினார். தலையை அசைத்து நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த வாக்கியம். அதுவும் திரும்பிப் போனது. வாக்கியம் வரும், போகும், நோட்டில் ஏறும். அரைமணி நேரம் இப்படியே. அது பதில் இல்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த மௌனங்களை வாசலில் நின்று கேட்டவன் நான். முதலாளியோ பூரித்துப்போனார். "கொட்டுறான்யா!" என்று சூப்பர்வைசரின் தொடையில் தட்டினார். கடைசியில் ஆய்வாளர் இவருக்கு இடுப்பு மடியக் குனிந்து வணங்கிவிட்டுக் காரில் ஏறினார்.

பெட்டிகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"காது கேட்டுச்சு, வாய் சொல்லிடுச்சுப்பா. அர்த்தம் அப்புறமாத்தான் வந்து சேருது. புது வால்வு ரெண்டு வாரத்துல வரும்னாரு. நானும் ரெண்டு வாரத்துல வரும்னுட்டேன்."

"அச்சு செஞ்சு வால்வு வார்த்து முடிக்க ஆறு வாரம் ஆகுமேண்ணே! அப்பவே இல்லன்னு சொல்லலாமே?"

"வழி கேக்க பாடம் இருக்கு. நன்றி சொல்ல மூணு பாடம் இருக்கு. சொன்னதை வாபஸ் வாங்க ஒண்ணு இல்லப்பா."

"அப்ப எழுதுங்க. எழுத வரும்ல?"

"எழுதினா மேஜை போச்சு."

"எழுதலன்னா ஆர்டரே போச்சு."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து கையால் நான்கு பக்கம் எழுதினார். திங்கள் காலை, புது மேஜையில் உட்காராமல் நேராக முதலாளியிடம் போய்க் கடிதத்தின் அர்த்தத்தைத் தமிழில் சொன்னார்.

"ரெண்டு வாரமா? எவன்யா ஒத்துக்கிட்டது?"

"ஒத்துக்கல சார். திருப்பிச் சொன்னேன்."

"எங்க ஊர்ல அதுக்குப் பேரு ஒத்துக்கிறதுதான்! இதை ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பிட்டு டேப்பைத் தூக்கு, போ."

தூக்கினார். அந்த வாரம் அவர் காதில் ஒயர் இல்லை. பேக்கிங் அறை அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஆறு வாரம் சம்மதம். தங்கள் ஆலையில் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது வழக்கமாம். இவ்வளவு கவனமான ஆளை வெளிநாட்டில் பார்த்ததில்லை என்று வியந்தாராம் ஆய்வாளர். உண்மை தெரிந்தபின் வியப்பு குறைந்ததாகவும் எழுதியிருந்தார். ஆனால் இந்தத் தொழிற்சாலையிலிருந்து இதுவரை வந்தவற்றில் தனக்குத் தெளிவாகப் புரிந்தது இந்தக் கடிதம் ஒன்றுதான். இனி எல்லாவற்றையும் இவர் எழுதியே அனுப்ப வேண்டும் என்றிருந்தது. கூடவே இவர் எழுதிய நான்கு பக்கங்களும் திரும்பி வந்திருந்தன, பதினேழு இடத்தில் சிவப்பு மையால் திருத்தி.

"பாத்தியா, பதில் பேசியிருக்காரு" என்று அந்தப் பதினேழையும் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலாளி மேஜையைத் தான்தான் முதலிலேயே கொடுத்ததாக இப்போது வருகிறவர்களிடம் சொல்கிறார்.

ஜப்பான் அண்ணன் இன்று அலுவலகத்தின் ஜன்னலோர மேஜையில் தொடர்பு அலுவலராக இருக்கிறார். வாரத்துக்கு ஆறேழு கடிதம் எழுதுகிறார். திருத்தங்கள் நான்கைந்தாகக் குறைந்திருக்கின்றன. அவர் கேட்டு வாங்கிய சலுகை ஒன்றுதான். அந்த மேஜையில் தொலைபேசி கிடையாது.